பட்டறைப் பக்கம்: பழைய வேனுக்குப் புது சொகுசு

போன இதழில் பழைய ஜீப்புக்கு ஏசி வைப்பதைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், ‘எங்கள் வீட்டிலும் ஒரு வேன் நிற்கிறது’ என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. மெட்டடோர், ஸ்டாண்டர்ட் 20, கடல் கடந்து ஒரு ஃபோக்ஸ்வேகன் கோம்பி. அதனால் இந்த இதழ் முழுக்க வேன்தான். டூவீலர்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் அப்பா 1986-ல் வாங்கிய மெட்டடோர். தேங்காய் மண்டிக்கும் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் ஓடிய வண்டி. பல வருடமாகத் தோப்புச் சாளையில், அதாவது கொட்டகையில், நிற்கிறது. ஏசி, படுக்கை, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது? (பொள்ளாச்சி வாசகர்)

ஏசிக்காரரை அப்புறம் கூப்பிடலாம். முதலில் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரையும் சின்னக் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். படிக்கட்டுத் தகடு, சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு, கூரையைச் சுற்றி மழைத்தண்ணீர் ஓடும் காடி, முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழே உள்ள சட்டம், பேட்டரி உட்காரும் தட்டு. இந்த இடங்களில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். டங்கென்று எதிர்த்தால் தகடு உயிரோடு இருக்கிறது. பொதுக்கென்று உள்ளே இறங்கினால் அங்கே இருப்பது வெறும் பெயின்ட். காந்தம் ஒட்டாத இடத்தில் யாரோ ஏற்கெனவே பட்டியை (ஓட்டை, பள்ளத்தை நிரப்பும் பூச்சு) அப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

துருப்பிடித்த இடத்தை, நல்ல தகடு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட வேண்டும். அதே கனமுள்ள தகட்டை வளைத்து, மிக் வெல்டிங்கில் பொட்டுப் பொட்டாக, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டினால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். அதற்கு மேல் ஜிங்க் பிரைமர், மூட்டுகளில் சீலர், பெட்டி போல மூடிய பகுதிகளுக்குள் மெழுகு ஸ்பிரே. ‘எதுக்கு சார் வெட்டிக்கிட்டு, மேலேயே ஒரு ஜிஐ ஷீட்டை வைத்து ரிவிட் அடித்துப் பட்டி போட்டுடலாம்’ என்று சொல்லும் டிங்கரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்க, உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கதவுகளின் அடியில் சின்ன வடிதுளைகள் உண்டு. பெயின்டர் அவற்றை அடைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பல வருடம் நின்ற இன்ஜினை ‘ஒரு செல்ஃப் போட்டுப் பார்ப்போமே’ என்ற ஆசையை அடக்குங்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் அந்த ஒரு செல்ஃபில் உடையும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் பிழைத்தோம். டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, பம்ப்பையும் நாசிலையும் காலிபரேஷனுக்குக் கொடுத்துவிட்டு, புது ஆயிலோடு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

பிரேக்கில் யோசனையே வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், ஸ்டீல் பைப் அத்தனையும் புதிது போடுங்கள். டயரில் பட்டன், அதாவது மேல் வெட்டு, எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தால் போதாது, பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், அதைப் படியுங்கள். 2316 என்றால் 2016-ஆம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. சாளையில் நின்ற டயர் பார்க்கப் புதுசாக இருக்கும், ஓட்டினால் வெடிக்கும்.

இன்னொன்று, மெட்டடோர்காரர்கள் மறக்கக் கூடாதது. பஜாஜ் டெம்போ 1969-ல் கொண்டுவந்த இந்த வண்டி முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டி. பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இல்லாததால்தான் தளம் அவ்வளவு தாழ்வாக, சமமாக இருக்கிறது. படுக்கை போடவும் அலமாரி வைக்கவும் இதைவிட வசதி கிடையாது. ஆனால் பேட்டரி, தண்ணீர் டேங்க், கட்டில், கேஸ் அடுப்பு என்று எல்லாக் கனத்தையும் கொண்டுபோய்ப் பின் கதவோரம் வைத்தால், ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது மழையில் முன்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். கனமான சாமான் எல்லாம் இரண்டு அச்சுக்கும் நடுவில், தளத்தை ஒட்டி இருக்கட்டும்.

கேள்வி: என் மெட்டடோரில் ஏசி வைத்தேன். கிளம்பிய கொஞ்ச நேரம் ஜில்லென்று இருக்கிறது. வெயில் ஏறியதும் உள்ளே வெந்து போகிறோம், டெம்பரேச்சர் முள்ளும் ஏறுகிறது. பெரிய கம்ப்ரஸர் மாற்றலாமா? (மதுரை வாசகர்)

கம்ப்ரஸரைக் குறை சொல்லாதீர்கள். மதுரை வெயிலில் இரும்புக் கூரை ஒன்று, நாலு பக்கமும் கண்ணாடி, அதோடு டிரைவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில் இன்ஜினே உட்கார்ந்திருக்கிறது. ஏசி எத்தனை பேரோடு சண்டை போடும்?

முதலில் சூடு உள்ளே வரும் வழியை அடையுங்கள். இன்ஜின் மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். கம்பெனி ஒட்டிய பஞ்சு எப்போதோ உதிர்ந்திருக்கும், ஓரத்து ரப்பர் பீடிங் கருகி அப்பளமாகியிருக்கும். அந்த இடுக்கு வழியாக வருவது சூடு மட்டுமில்லை, புகையும்தான். குழந்தைகளுக்குத் தலைவலி, குமட்டல் என்றால் ஏசியைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். அலுமினியம் ஃபாயில் ஒட்டிய, தீப்பிடிக்காத கனமான பேட் அடித்து, புது பீடிங் போட்டு, மூடியின் கிளிப் நாலும் இறுக்கமாகப் பிடிக்கும்படி செய்யுங்கள். இந்த ஒரு வேலை முடிந்ததுமே முன் சீட்டில் உட்காருபவருக்கு வித்தியாசம் தெரியும்.

அடுத்தது கூரை. உள் லைனிங்கைப் பிரித்தால் பெரும்பாலும் வெறும் தகடுதான் தெரியும். தகட்டைச் சுத்தமாகத் துடைத்து முதலில் ப்யூட்டைல் ஷீட் ஒட்டுங்கள், அது தகட்டின் அதிர்வைக் குறைக்கும். அதன் மேல் மூடிய துளை கொண்ட நைட்ரைல் ஃபோம், அதுதான் சூட்டைத் தடுக்கும். இரண்டும் வேறு வேறு வேலை. கடைக்காரர் ஒன்றைக் காட்டி ‘இதுவே எல்லாம் பார்த்துக்கும்’ என்றால் நம்ப வேண்டாம். குஷன் கடையில் கிடைக்கும் சாதா ஸ்பாஞ்சை ஒட்டவே ஒட்டாதீர்கள். ஏசி வண்டியில் தகட்டின் உட்புறம் ஈரம் கோக்கும், ஸ்பாஞ்ச் அதைக் குடித்து வைத்துக்கொண்டு தகட்டை அரிக்கும். கூரைக்கு வெளியே வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள்.

கண்ணாடிக்கு வருவோம். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது சட்டம். அந்த அளவுக்குள் பச்சை டின்ட் கண்ணாடியாகவே வாங்கிப் போடலாம். வண்டி நிற்கும்போது உள்ளே மாட்டும் வெயில் தட்டிகளைத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முள் ஏறும் விஷயம். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரை உங்கள் மெக்கானிக் ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டியிருப்பார். கண்டென்சரிலிருந்து வரும் சூட்டுக்காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது. அந்தக் காலத்து ரேடியேட்டர் அதற்கு அளந்து செய்ததில்லை. கண்டென்சரைத் தளத்துக்கு அடியிலோ கூரை மேலோ தனி ஃபேன்களோடு மாட்டுங்கள். அடியில் என்றால் கல் அடிக்காமல் வலை வேண்டும், மாதம் ஒரு முறை சேறு கழுவ வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றி உள்குழாய்களைச் சுத்தம் பண்ணி எத்தனை வருடமாகிறது என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸர் பிராக்கெட்டையும் பாருங்கள். அது இன்ஜின் பிளாக்கிலேயே உட்கார வேண்டும். சேசிஸில் வெல்டு வைத்திருந்தால், இன்ஜின் தன் மவுன்டிங் ரப்பரில் ஆடும்போதெல்லாம் பெல்ட் கோணலாகும். வாரம் ஒரு பெல்ட் அறுந்தால் காரணம் அதுதான். ஏசி கம்ப்ரஸர் ஓடும்போது இன்ஜினிலிருந்து சில குதிரைத்திறனை உறிஞ்சும். இன்றைய காரில் அது தெரியாது, மெட்டடோரில் நன்றாகவே தெரியும். அதனால் டேஷ்போர்டில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்து, ஏற்றத்திலும் ஓவர்டேக் பண்ணும்போதும் கம்ப்ரஸரை மட்டும் நிறுத்துங்கள். புளோயர் ஓடட்டும். ஐடிலில் வண்டி திணறினால், ஏசி போட்டதும் ஆக்சிலேட்டரை லேசாகத் தூக்கும் ஐடில்-அப் வைக்கலாம்.

கடைசியாக கரண்ட் கணக்கு. முன் புளோயர், பின் புளோயர், இரண்டு கண்டென்சர் ஃபேன், கம்ப்ரஸர் கிளட்ச் எல்லாம் சேர்த்தால் 30 ஆம்பியரைத் தாண்டும். இரவில் ஹெட்லைட் 9 ஆம்பியர், மழையில் வைப்பர் வேறு. பழைய ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தருவது) பெரும்பாலும் 35, 45 ஆம்பியர் ரகம், அதையும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான் தரும். 75 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்னேட்டர் போடாமல் இரட்டை ஏசி வைத்தால், மழை இரவில் பேட்டரி நடுவழியில் படுத்துவிடும். டீசல் வண்டி என்பதால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் பம்ப், அதாவது காற்றை உறிஞ்சும் பம்ப், தேவை. பல ஆல்டர்னேட்டர்களின் பின்புறத்திலேயே அந்தப் பம்ப் இருக்கும். மாற்றும்போது பம்ப் இல்லாத ஆல்டர்னேட்டரை வாங்கி வந்து பிரேக்கைக் கல்லாக்கிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வேனின் பின்புறம் 12 வோல்ட் ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், எல்இடி விளக்கு, போன் சார்ஜர் வைத்திருக்கிறோம். எல்லாம் ஓடும்போது ஃபிரிட்ஜ் மட்டும் அணைந்து போகிறது. பேட்டரி புதுசு. கம்பெனிக்காரர் ஃபிரிட்ஜில் கோளாறில்லை என்கிறார். (தூத்துக்குடி வாசகர்)

அவர் சொல்வது சரி. கோளாறு வயரில்.

வீட்டு வயரிங் பழக்கத்தில் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரை முன்பக்க பேட்டரியிலிருந்து பின்கதவு வரை இழுத்திருப்பீர்கள். வீட்டில் 230 வோல்ட், அதில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. வண்டியில் இருப்பதே 12. போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் என்று வையுங்கள். அந்தப் பத்து மீட்டர் 2.5 ஸ்கொயர் செம்பு வயரில் 15 ஆம்பியர் போனால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே கரைந்துவிடும். பேட்டரியில் 12.3 இருக்கும், ஃபிரிட்ஜ் வாசலில் 11.2 தான் வந்து சேரும். பேட்டரி காலியாகிவிட்டது என்று நினைத்து ஃபிரிட்ஜ் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. எல்லாம் ஓடும்போது மல்டிமீட்டரை பேட்டரி முனையில் ஒருமுறை, ஃபிரிட்ஜ் சாக்கெட்டில் ஒருமுறை வைத்துப் பாருங்கள், குட்டு வெளிப்படும். 10 ஸ்கொயர் வயர் ஒன்றைப் பின்புறம் வரை கொண்டுபோய், அங்கே ஒரு ஃபியூஸ் பாக்ஸ் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபியூஸில் பிரித்துக் கொடுங்கள். எர்த்தை ஏதாவது ஒரு ஸ்க்ரூவில் மாட்டாமல், பெயின்ட் சுரண்டிய சேசிஸில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃபிரிட்ஜுக்கு எர்த்தும் தனி வயராகவே பேட்டரிக்குப் போனால் இன்னும் நல்லது.

மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பின்னால் ஃபியூஸ் பாக்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நடுவில் எங்காவது தகட்டு ஓட்டையில் வயர் உரசி ஷார்ட் ஆனால், பின்னால் இருக்கும் ஃபியூஸ் ஒன்றும் செய்யாது, வயர்தான் எரியும். தகட்டைத் துளைத்து வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் குரோமெட் போட்டிருக்கிறார்களா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகும் பேட்டரியில் இதையெல்லாம் ஓட்டுவதும் தப்பு. இரண்டாவதாக ஒரு பேட்டரி வேண்டும். ஒரு 40 லிட்டர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் எடுக்கும். நம் ஊர் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-அவர். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும், ஆக ஃபிரிட்ஜுக்கே ஒரு நாள் கணக்கு சரியாகிவிட்டது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியானால் 80 சதவீதம் வரை எடுக்கலாம், விலை அதிகம். ஆல்டர்னேட்டரிலிருந்து அதற்கு நேராக வயர் கொடுக்கக் கூடாது, நடுவில், கரண்டை அளவோடு ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். கூரையில் 200 வாட் சோலார் வைத்தால் நல்ல வெயில் நாளில் ஃபிரிட்ஜ் பங்கைச் சூரியனே பார்த்துக்கொள்ளும்.

இதே கடிதத்தில் ‘இன்வெர்ட்டர் வைத்து இன்டக்ஷன் அடுப்பு ஓட்டலாமா’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2000 வாட் அடுப்புக்கு 12 வோல்ட்டில் 165 ஆம்பியருக்கு மேல் வேண்டும். வண்டியை நிறுத்தி, மர நிழலில், வெளியே வைத்துச் சமையுங்கள். சாப்பாடும் ருசியாக இருக்கும்.

கேள்வி: அண்ணா, மெட்டடோரில் பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டுப் புது டர்போ சிஆர்டிஐ வைத்தால் எப்படி? நண்பர்கள் ‘செம்மையா இருக்கும்’ என்கிறார்கள். (சேலம் வாசகர், கல்லூரி மாணவர்)

தம்பி, நண்பர்கள் யாராவது பணம் போடுகிறார்களா?

மெட்டடோரின் கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், பிரேக் எல்லாம் பழைய இன்ஜினின் இழுவைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. அதற்கு இரண்டு மடங்கு இழுவை (டார்க்) கொடுத்தால் முதலில் உடைவது டிரைவ் ஷாஃப்ட், கடைசியில் உடைவது உன் பொறுமை. அப்புறம் அதற்கு ஈசியு என்ற கண்ட்ரோல் கம்ப்யூட்டர், சென்சார், வயரிங், ஆர்டிஓ. பிற்கால மெட்டடோர்களில் இருப்பது மெர்சிடிஸ் லைசென்ஸில் செய்த 2.4 லிட்டர் ஓஎம்616. பென்ஸ் 240டி காரில் வந்த இன்ஜின் குடும்பம். டிராக்ஸிலும் டிராவலரிலும் அது ஓடியதால் ஸ்லீவ், ரிங், பேரிங் இன்றும் கிடைக்கிறது. நல்ல லேத்தில் கொடுத்து முழு வேலை பார்த்துவிடு. அறுபதில் போகிற வண்டியை அறுபதில் ஓட்டினால் அது சொகுசுதான்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி வலி. பழைய வேனில் ஏறுவதே போராட்டம். கீல்வாதக்காரர்களுக்கு வசதியாக என்ன மாற்றலாம்? பெட் போட்டுப் படுக்க வைத்தே கூட்டிப் போகலாமா? (காரைக்குடி வாசகி)

இந்த இதழுக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான் அம்மா. சொகுசு என்று எல்லோரும் ஃபிரிட்ஜைக் கேட்கிறார்கள், ஏறி இறங்குவதை யாரும் கேட்பதில்லை.

ஓடும் வண்டியில் படுக்க வைக்க வேண்டாம். சடன் பிரேக் அடித்தால் கட்டிலில் இருப்பவரைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நிற்கும்போது படுக்கையாக விரியும் சீட் போடுங்கள், போகும்போது உட்கார்ந்து பெல்ட் போடட்டும். தரையிலிருந்து தளம் வரை ஒரே எட்டாக இருப்பதை இரண்டாகப் பிரிக்க, வெளியே இழுத்துப் போடும் படி ஒன்று வையுங்கள். அகலமாக, முழுப் பாதமும் படும்படி, மேலே சொரசொரப்பான ஷீட் ஒட்டியதாக இருக்கட்டும். படியை உள்ளே தள்ளாமல் வண்டி எடுத்தால் பஸ்ஸர் அடிக்கும்படி ஒரு சின்ன சுவிட்ச் வைப்பது எலக்ட்ரீஷியனுக்குப் பெரிய வேலையில்லை.

கைப்பிடி படியைவிட முக்கியம். எங்கே வைப்பது என்று டிங்கரை முடிவு பண்ண விடாதீர்கள். அம்மாவையே வண்டிப் பக்கத்தில் நிறுத்தி ஏறச் சொல்லுங்கள். அவர் கை தானாக எங்கே போய்ப் பிடிக்கத் தேடுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். ஏறும்போது ஓர் இடம், இறங்கும்போது வேறு இடம், இரண்டிலும் பிடி வேண்டும். வெறும் தகட்டில் ஸ்க்ரூ போட்டால் ஒருநாள் கையோடு வந்துவிடும், உள்ளே சட்டத்தில் போல்ட் பிடிக்கட்டும்.

சீட் உயரம் முட்டி மடிப்புக்குச் சமமாகவோ ஒரு விரற்கடை கூடவோ இருந்தால் எழுந்திருக்கச் சிரமமில்லை. பழைய சீட்டின் ஸ்பிரிங் தொய்ந்திருக்கும். நல்ல அடர்த்தியான ஃபோம் கேளுங்கள், கடையில் அழுத்திப் பார்த்து ‘மெத்துமெத்து’ என்று இருப்பதை வாங்காதீர்கள், அரைமணி நேரத்தில் பலகை தட்டும். ரெக்சின் வேர்க்கும், துணி உறை போடுங்கள். பெல்ட் மூன்று முனை பெல்ட்டாக இருக்கட்டும். அதன் போல்ட் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில், அடிப்புறம் கனமான இரும்புத் தட்டு வைத்துப் பிடிக்க வேண்டும். வாஷர் மட்டும் போட்டால் இழுப்பில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கேள்வி: வேனை கேம்பர் மாதிரி மாற்றினால் ஆர்டிஓ பிரச்சினை வருமா? ‘விண்டேஜ் நம்பர்’ வாங்கிவிட்டால் தப்பிக்கலாம் என்கிறார் புரோக்கர். (ஈரோடு வாசகர்)

புரோக்கர் உங்களைக் கிணற்றில் தள்ளப் பார்க்கிறார். 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் ‘விஏ’ எழுத்துள்ள நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. அந்த நம்பரோடு கண்காட்சிக்கும் ராலிக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் போகலாம். குடும்பத்தோடு தினசரி ஊர் சுற்ற அனுமதி கிடையாது. மாற்றிக் கட்டிய வண்டிக்கு அது வழியே இல்லை.

மாற்றம் பற்றிய சட்டம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. கூரையை வெட்டி உயர்த்துவது, சீட் எண்ணிக்கையை மாற்றுவது, இன்ஜின் மாற்றுவது எல்லாம் முன் அனுமதி கேட்டுச் செய்ய வேண்டியவை. கேரவனாகவே பதிவு செய்வதற்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரம் இருக்கிறது, அது பெரிய பாடி பில்டர்களின் வேலை. நான் பட்டறையில் வைத்திருக்கும் கணக்கு எளிது. ஸ்பேனரை வைத்துக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடுகிறதா? அப்படியானால் அதைச் செய்கிறேன். வெட்ட வேண்டும் என்றால் முதலில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் எழுத்தில் வாங்கி வரச் சொல்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்கலாம்.

சொந்த உபயோகப் பதிவு 15 வருடத்துக்கு. பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். சாளையில் நிற்கும் பல வண்டிகளுக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். பெயின்ட் வாங்குவதற்கு முன் ஆர்சியைத் தேடி எடுங்கள்.

கேள்வி: ஐயா, நான் லண்டனில் இருக்கிறேன். 1973 ஃபோக்ஸ்வேகன் கோம்பி வாங்கியிருக்கிறேன். குளிரில் ஓட்ட முடியவில்லை, ஹீட்டரில் புகை நாற்றம். என்னவெல்லாம் புதிதாக வைக்கலாம்? (லண்டன் வாசகர்)

நாற்றம் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. முதலில் அந்த ஹீட்டரை நிறுத்துங்கள். இது தண்ணீர் இல்லாத, காற்றில் குளிரும் இன்ஜின். சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சர் பெட்டிக்குள் காற்றை ஊதி, அந்தச் சூட்டுக்காற்றை முன்பக்கம் அனுப்புவதுதான் உங்கள் ஹீட்டர். அந்தப் பெட்டி துருப்பிடித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். நாற்றம் என்பது உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை, அந்த வாயுவுக்கு நாற்றமே கிடையாது. பெட்டிகளைப் புதிதாக மாற்றுங்கள், உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். இரவு தங்கலுக்கு, புகையை வண்டிக்கு வெளியே தள்ளும் தனி பார்க்கிங் ஹீட்டர் நல்லது.

அடுத்தது பெட்ரோல் ஹோஸ். கோம்பிகள் தீப்பிடித்து எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் பின்னால் இன்ஜின் அறையில் விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ்தான். அங்கே 2021-லிருந்து வரும் இ10 பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 ரக ஹோஸும் நல்ல கிளிப்பும் போடுங்கள். நம் ஊரில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்துவிட்டதால் இங்கே பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சத்தத்துக்காக இன்ஜின் அறையில் ஃபோம் ஒட்டும்போது பக்கவாட்டுக் காற்றுத் துளைகளை மறைக்காதீர்கள். இன்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர் சீலும் முழுசாக இருக்கட்டும், இல்லையென்றால் சூட்டுக்காற்றையே திரும்ப உறிஞ்சி இன்ஜின் வேகும்.

உங்கள் ஊரில் 40 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்கு எம்ஓடி என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையும் சாலை வரியும் கிடையாது. வரியை மிச்சம் பிடியுங்கள், சோதனையை மட்டும் வருடம் ஒருமுறை காசு கொடுத்தாவது செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் 20-க்கு ஸ்பேர் கிடைக்குமா? (சென்னை வாசகர்)

உங்கள் ஊரிலேயே செய்த வண்டி, கம்பெனி மூடிப் பல காலமாகிவிட்டது. புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் சிலது கிடைக்கும். கிடைக்காத வீல் சிலிண்டரை லேத்தில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடலாம். கதவு பீடிங்கை, பழைய துண்டை வெட்டி மாதிரிக்கு எடுத்துப்போனால் கிட்டத்தட்ட அதே வடிவில் ரப்பர் கடையில் கிடைக்கும். முன் கண்ணாடியை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது. எல்இடி பல்பு போட்டுவிடலாமா? (திண்டுக்கல் வாசகர்)

வேண்டாம். பழைய ரிஃப்ளெக்டரில் எல்இடி போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் குத்தும், உங்களுக்கு ரோடு தெரியாது. அந்தக் காலத்து வண்டிகளில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. இரண்டு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராகத் தடித்த வயர் கொடுங்கள். அதே 60/55 வாட் ஹாலஜன் பல்பு கண்ணுக்குத் தெரியும்படி பிரகாசமாகும்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு செலவாகும், ஒரு ரவுண்டாகச் சொல்லுங்கள். (பெயர், ஊர் இல்லை)

வண்டியைப் பார்க்காமல் சொல்லும் மெக்கானிக்கிடம் போகாதீர்கள். கையில் இருக்கும் பணத்தில் பாதியைத் தகடு, பிரேக், டயர், வயரிங் என்று கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் ஏசியும் சீட்டும் பாருங்கள். பாட்டுப் பெட்டியும் ரிவர்ஸ் கேமராவும் கடைசியில். கேமரா மட்டும் கட்டாயம் வையுங்கள், இந்த வேன்களில் பின்கண்ணாடி வழியாக ஒரு சின்னப் பையன் நிற்பது தெரியாது.